முந்நூற்று ஒன்றாவது சிரட்டை

குலசேகரம் சந்தைக்குப் பின்னால்
டென்னிசன் அண்ணனின் ஆக்கர் கடையில்
புத்தகம் கிலோ பதினெட்டு ரூபாய்.
கெட்டி அட்டைக்கு எடை கழிக்கச் சொன்னால்
"அட்டை மட்டும் மழையில முளைச்சுதா பிள்ளே" என்பார்.

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை.
பால்வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை.
கூலியில்லாத நாளில்தான்
எனக்கு வாசிக்க வாய்க்கிறது.
என் புத்தகங்கள் பாதியும் கடன்காசில் வந்தவை.

ரொம்ப நாள் எனக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை.
தடிமனானது நல்லது என்று ஒரு வருடம் நம்பினேன்.
அந்த வருடத்துப் புத்தகங்கள்
கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்கின்றன,
குறை சொல்லக் கூடாது, ஆடவில்லை.

பிறகு அந்தப் பென்சிலைக் கண்டேன்.

முதல் அறுபது பக்கம் கிழிந்த சரித்திரப் புத்தகம்.
ராஜாக்கள் அத்தனை பேரும் அந்த அறுபதோடு போய்விட்டார்கள்.
அறுபத்தொன்றில் வரிகள் தொடங்கின:
பனைக்கு, வலைக்கு, செக்குக்கு, ஏணிக்கு.
ஏணிக்குமா, என்று நான் வாய்விட்டுக் கேட்டபோது
ஓரத்தில் பென்சிலும் கேட்டிருந்தது:
'ஏணிக்குமா?'

சாய்ந்த எழுத்து.
'ண'வுக்கு ஒரு சுழி குறைத்துப் போடுகிற கை.
அன்று முதல் நான் தலைப்புப் பார்ப்பதில்லை,
ஓரம் பார்க்கிறேன்.
ஒரு நாவலின் பதினோராம் பக்கத்தில்
'போதும்' என்று மட்டும் இருந்தது.
நின்றபடியே பதினொன்று வரை வாசித்தேன்.
போதும்தான். தராசில் வைக்காமலே திரும்பினேன்.

பறக்கும் மலைகளின் கதையொன்றில்
முன்பக்கத்தில் ஒரு வரைபடம்.
வடக்கே கண்ணாடிக் காடு, தெற்கே பெயரில்லாத கடல்.
கடலுக்குச் சற்று மேலே
பென்சிலால் ஒரு புள்ளி, பக்கத்தில் 'நம்ம வீடு'.
நானூறு பக்கமும் அந்தப் புள்ளிக்கு
ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் வாசித்தேன்.
நெருப்புத் துப்புகிற பறவை அந்தப் பக்கம் வரவேயில்லை.

பேய்க்கதைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை நான்.
அதிகாலை மூன்று மணிக்கு
நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு
தனியாக ரப்பர் தோட்டத்துக்குள் போகிறவள்.
இருட்டை மை என்று எழுதுகிறவர்கள்
அதற்குள் போய்ப் பார்த்ததில்லை.
அது ஈரச் சாம்பல் நிறம்.

ஆனால் அந்த மெலிந்த புத்தகத்தில்
ஒருத்தி தினமும் சோற்றுத் தட்டுகளைக் கழுவி அடுக்குகிறாள்.
அவ்வளவுதான்.
தினமும் ஒரு தட்டு கூடுகிறது.
ஓரத்தில்: 'எண்ணாதே.'

என் பிளாக்கில் முந்நூறு மரம்.
மறுநாள் பால் எடுக்கையில்
முந்நூற்று ஒரு சிரட்டை கவிழ்த்தேன்.
திரும்ப எண்ணவில்லை.
சொன்ன பேச்சைக் கேட்டேன்.

இசைப் புத்தகம் கடைசியாகத்தான் கிடைத்தது.
அரைக்கிலோகூட இல்லை.
எழுத்துக்கு மேலே புள்ளி, கீழே புள்ளி,
எனக்கு ஒரு மண்ணும் விளங்காது.
பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கை:
'இங்கே மூச்சு எடு.'
'இங்கே எடுக்காதே.'
'இங்கே அம்மா இருமுவாள், நின்று தொடங்கு.'

நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு பென்சில் இல்லை.
ஸ்வரங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன.

யார் வீட்டிலிருந்து வருகிறது என்று கேட்டேன்.
"திற்பரப்புப் பக்கமிருந்து ஒரு வண்டிக்காரன் கொண்டுவாறான்.
ஆளு செத்துதா, வீடு மாறிச்சுதா,
நமக்கு எதுக்கு பிள்ளே,
சாக்குக்கு இவ்வளவுன்னு கணக்கு."
திற்பரப்புக்கு அடிக்கடி பஸ் உண்டு.
இரண்டு முறை ஸ்டாப் வரை போனேன்.

இன்று மூன்றாம் நாள் மழை.
ஸ்வரம் தெரியாத நான்
மூச்சை மட்டும் வாசிக்கிறேன்,
எடு என்ற இடத்தில் எடுத்து,
எடுக்காதே என்ற இடத்தில் அடக்கி,
யாரோ ஒருத்தியின் இருமலுக்காக நின்று.

நூற்றுப் பதின்மூன்றில் சொல்ல ஆளில்லை.
ஷீட் கணக்கு எழுதுகிற நீலப் பேனா இருக்கிறது,
அழிக்க முடியாதது.
மூன்றாம் வரியில் எனக்கு முட்டியது.
அங்கே எழுதினேன்.